பெர்க்மான்ஸ் பதிந்த வாக்கியங்கள்

ஜூன் 4

மீன்காரி வரவில்லை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். பெர்க்மான்ஸ் பாதிதான் சாப்பிட்டான். ஊட்டிவிடும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். மூடட்டும்.

சாப்பிட்டபின் என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்தான். அவன் சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். ஏப்ரலில் வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்கு, என்னிடம் வந்துவிட்டான். வரும்போதே வலதுகை தொங்கிப்போயிருந்தது. இப்போது இடதுகையில் விரல்கள் மட்டும் அசைகின்றன. மதுரை டாக்டர் ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. இன்னொரு டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

அவனோடு ஒரு கறுப்புப் பெட்டியும் வந்திருக்கிறது. ரொட்டி டப்பா அளவு. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். வீட்டிலிருக்கும் போன், டேப்லெட், கணினி எல்லாவற்றுக்கும் பொதுவான அலமாரி மாதிரி, வைஃபை வழியாகப் படமும் பாட்டும் வைத்து எடுக்கலாம். கம்பெனிக்காரன் கொடுத்தபடி அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவனுக்கு அதை வேறு வேலை பார்க்கவைக்க வேண்டுமாம். அதற்குக் கணினியில் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, பெட்டிக்குள் நுழைந்து, எழுத்தெழுத்தாகக் கட்டளை அடிக்க வேண்டும். கை அவனுக்கு இல்லை. அதனால் நான்.

"அர்த்தம் பாக்காத அக்கா. சொல்றத மட்டும் அடி" என்றான்.

அர்த்தம் பார்க்காமல் அடிப்பதுதானே எனக்கு இத்தனை வருஷ உத்தியோகம். ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு போகிறது என்று கேட்டா அடித்தேன்? ஆனாலும் இன்று நாலு தடவை தப்பு. ஓரிடத்தில் இடைவெளி விடக்கூடாதாம், விட்டேன். மனுஷன் என்றால் ஊகித்துக்கொள்வான், பெட்டி ஊகிக்காது என்றான்.

ஜூன் 12

அவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று இன்று சொன்னான். குரல் நன்றாக இருக்கும்போதே தேவையான வாக்கியங்களைப் பேசிப் பதிந்து பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெட்டியின் முதுகில் ஒரு ஸ்பீக்கரைச் செருக வேண்டும். டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டால் பெட்டி அவன் குரலில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்.

எதற்கு என்று கேட்டேன். நாக்கை நீட்டிக் காட்டினான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாக்கு கொஞ்சம் தடிக்கிறது, அது மாத்திரையால். பிசியோதெரபிக்கு வருகிற சுடலைமணியிடமும் கேட்டேன், இருக்கலாம் என்றுதான் அவரும் சொன்னார்.

ஜூன் 15

பதிவு நடக்கிறது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கை அவன் மார்பில் வைத்தோம். வியர்வையில் பனியன் நனைந்துவிட்டது. என்னென்ன வேண்டியிருக்கும் என்று நான்தான் யோசித்துச் சொன்னேன், செய்யப்போவது நான்தானே. தண்ணி குடு அக்கா. திருப்பிப் படுக்க வை அக்கா. கொசு கடிக்கு. ஃபேனக் குறை அக்கா. டி.வி. போதும்.

கடைசியாக ஜெனோவாவுக்கு என்று ஒன்று பதிந்தான். "நல்லாருக்கேன். நீ கவலப்படாத." மூன்று தடவை சொல்லிப்பார்த்து, சிரித்தபடி சொன்னதை வைத்துக்கொண்டான்.

ஜெனோவா அவன் மனைவி. ஓமானில், சலாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒப்பந்தம் மார்ச் வரை. கல்யாணமே தாமதம், பிள்ளை இல்லை. கழுத்து நரம்பு அழுந்தியிருக்கிறது, பயிற்சியில் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். முகம் வற்றிப்போனதைப் பார்த்துவிடுவாள் என்று டேப்லெட் கேமரா உடைந்துவிட்டதாகவும் சொல்லிவிட்டான். அவன் சொன்னதுதான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 3

ஸ்பீக்கரைப் பெட்டி ஏற்கவில்லை. அதற்கு வேண்டிய நிரலைக் கம்பெனிக்காரன் வைக்கவே இல்லை. வெளியிலிருந்து இறக்க வேண்டும். இறக்கினால் அதற்கு இன்னொன்று வேண்டும் என்கிறது. அதை இறக்கினால் அது பழைய பதிப்பு என்கிறது. பெர்க்மான்ஸுக்கு இதில் சலிப்பே இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு அவன் இப்படிப் பேசி நான் பார்க்கவில்லை.

நாள் முழுக்க ஒருவர் கூட இருந்து பேசுவது இந்த வீட்டுக்குப் புதுசு. அம்மா போனபின் ரேடியோதான்.

ஜூலை 9

ஸ்பீக்கர் பாடிவிட்டது. வெறும் கூ என்ற சத்தம்தான். இருவரும் சிரித்தோம். அவனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, அது அழுகையாக மாறி, அதுவும் நிற்கவில்லை. இதுவும் மாத்திரையாக இருக்கும்.

ஜூலை 10

மதியம் கரண்ட் போய் வந்தது. பெட்டி மறுபடி விழித்ததும் நாங்கள் செய்த எதையும் காணோம். கம்பெனி கொடுத்தபடி, பிறந்த குழந்தைபோல இருக்கிறது.

ஜூலை 24

காரணம் பிடிபட்டது. பெட்டி தன் சொந்த இடத்தில் அடுத்தவன் எழுதியதை வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவை எழும்போதும் துடைத்துவிட்டுத்தான் எழும். அதனால் நம் சாமான்களை எல்லாம் டிஸ்க்கில் வைத்து, எழுந்தவுடன் அவற்றைப் போய் எடுத்துக்கொள் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கோப்பு பதினாலு வரி. எனக்கு மனப்பாடமாகிவிட்டது. எந்த வரி எதற்கு என்றும் தெரிகிறது.

அவன் சொல்லும் எழுத்துகளில் 'பி'யும் 'டி'யும் எனக்கு ஒன்றுபோலக் கேட்கின்றன. "என் காதுல கோளாறு" என்றேன். என்னைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 6

பதிவுகளைத் திருத்துகிறோம். ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் மூச்சுச் சத்தமும் கட்டில் கிறீச்சிடுவதும் இருக்கின்றன. எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை வேண்டும் என்று கட்டளையில் சொன்னால் அதை மட்டும் வெட்டி வேறு பெயரில் வைத்துக்கொள்ளும். முதல் பத்தை அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். மீதியை அவன் தூங்கும்போது நானே வெட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 19

டேப்லெட்டில் கட்டங்கள் வந்துவிட்டன. இடது ஆள்காட்டி விரலால் தொட்டான். பெட்டி சொன்னது: "தண்ணி குடு அக்கா."

ஜூன் மாதக் குரல். அவ்வளவு தெளிவாகப் பேசினான் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. தண்ணீர் கொண்டுவந்தேன். ஒரு வாய் குடித்துப் புரையேறியது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான், அதாவது முகத்தை மட்டும்.

நன்றாக வேலை செய்கிறது.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். கோயிலுக்குப் போகவில்லை. அவனைத் தனியாக விட முடியாது.

அவன் வாயால் பேசுவது இப்போது எனக்கே பாதிதான் புரிகிறது. ஜெனோவா வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வாள். போன வாரம் அவன் பேசியதைக் கேட்டு, தூங்கி எழுந்தீங்களா என்று கேட்டுவிட்டாள். அதனால் இன்று போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, அவனைக் கட்டத்தைத் தொடச் சொன்னேன். நல்லாருக்கேன், நீ கவலப்படாத. அவளுக்கு ரொம்ப சந்தோஷம். பயிற்சி வேலை செய்கிறது, குரலே தெளிந்துவிட்டது என்றாள். மீதியை நான் பேசினேன். அவன் களைத்திருக்கிறான் என்றேன்.

செப்டம்பர் 29

சாப்பிட்டியா, சரி, உன் இஷ்டம், தூக்கம் வருது. இவையும் பதிவில் இருக்கின்றன. எல்லாம் எனக்காகப் பதிந்தவை. அவளுக்கும் உதவுகின்றன. எப்போதும் ஒரே மாதிரிப் பேசுகிறாரே என்று கேட்டாள். புருஷன்மார் எல்லாரும் அப்படித்தான் என்றேன், சிரித்தாள்.

அக்டோபர் 11

விரலும் இல்லை. இனி கட்டங்களை நான்தான் தொடுகிறேன். ஆங்கில எழுத்துகளை வரிசை வரிசையாக அட்டையில் எழுதி, வரிசைமேல் விரலை ஓட்டுவேன். வேண்டிய எழுத்து வரும்போது கண் சிமிட்டுவான். ஒரு வார்த்தைக்கு ஒரு காபி ஆறிவிடுகிறது. எங்களுக்கென்ன அவசரம்.

அக்டோபர் 16

இன்று அவன் சிமிட்டியதைச் சேர்த்துப் பார்த்தால்: ஜெனோவாவை வரச் சொல்.

மார்ச்சில் வரத்தானே போகிறாள் என்றேன். நடுவில் வந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள். வந்தாலும் மதுரைக்கு, அவள் அம்மா வீட்டுக்குத்தான் கூட்டிப்போவேன் என்பாள். பெரிய ஆஸ்பத்திரி பக்கம் என்பாள். அங்கே மாடிப்படி. வெக்கை. உனக்கு ஒத்துக்கொள்ளாது. கொஞ்சம் தேறிக்கொள், கிறிஸ்துமஸ் கழியட்டும், பார்க்கலாம்.

மறுபடி அட்டையைக் காட்டினேன். சிமிட்டவில்லை.

அக்டோபர் 30

கஞ்சியை இன்னும் நீர்க்க வைக்க வேண்டும். சளி.

நவம்பர் 10

வெள்ளிக்கிழமை. ஜெனோவா போன். பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷமும் இருக்கச் சொல்கிறார்களாம். உங்களுக்குக் குணமாகிக்கொண்டு வருகிறதே, இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா என்று அவனைக் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். அட்டை மேசைமேல் இருந்தது. ஆனால் போனில் ஒருத்தி காத்திருக்கும்போது அட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்? 'உன் இஷ்டம்' கட்டத்தைத் தொட்டேன். வேறெதைத் தொடுவது. வா என்று ஒரு பதிவு கிடையாது.

அப்போ கையெழுத்துப் போடுறேன் என்றாள்.

சாயங்காலம் வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை. கஞ்சியும் வேண்டாமாம்.

நவம்பர் 13

அவனாகவே அட்டையைப் பார்த்தான். எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். பேச்சில்லை, கட்டளை. பெட்டியில் ஏதோ சரிசெய்ய நினைக்கிறான் என்று சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாளாயிற்று. பாதியில் தூங்கிவிட்டான்.

நவம்பர் 14

மீதியும் வந்தது. முதலில் வெட்டும் கருவியின் பெயர். பிறகு ஒரு பதிவின் பெயர்: 'வாய் துடைச்சு விடு அக்கா' என்று அவன் சொன்னது. பிறகு, ஆரம்பத்திலிருந்து அரை நொடிக்கும் குறைவு. பிறகு வெட்டியதை வைக்க வேண்டிய புதுப் பெயர். வி, ஏ, ஏ.

அர்த்தம் பார்க்காதே என்று ஜூனில் சொன்னான். இப்போது பார்க்காமல் இருக்கத் தெரியவில்லை. வாய் என்பதில் கடைசிச் சத்தம் வருவதற்குமுன் வெட்டினால் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரிகிறது.

முழுக்க அடித்தேன். ஒரு பிழை இல்லை. பால் பொங்கும் வாசனை வந்தது, எழுந்து போய்விட்டேன்.

நவம்பர் 15

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 17

ஜெனோவா பேசினாள். நான்தான் பேசினேன், அவன் தூங்குகிறான் என்று. கணினியைத் திறக்க நேரமில்லை. அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடக்கிறான்.

நவம்பர் 20

காய்ச்சல். தெரு முனை டாக்டர் வந்து பார்த்தார். கஞ்சி நுரையீரலுக்குப் போயிருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். சேர்த்தால் தொண்டையில் குழாய் வைப்பார்கள், பிறகு எடுக்க முடியாமல் போகலாம், வீட்டில் வேறு யார் யார் இருக்கிறீர்கள், கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

நானும் அவனும்தான் என்று சொன்னேன்.

நவம்பர் 22

அன்று அடித்துவைத்த கட்டளைக்கு என்டரை அழுத்தினேன். ஒரு கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிட்டது. அவன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். போட்டுக் காட்டினேன். பாதியில் கழுத்தைப் பிடித்ததுபோல நறுக்கென்று நிற்கிறது. ஆனால் வார்த்தை அதுதான். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

ஜெனோவாவை நானே கூப்பிட்டேன். பள்ளி நேரம். பயந்துபோய் எடுத்தாள். போனை ஸ்பீக்கரிடம் கொண்டுபோனேன்.

"வா."

என்ன, கேட்கவில்லை என்றாள். மறுபடி தொட்டேன். மறுபடி.

"மைனி, யாரு அது? அவருக்கு என்ன?"

"அவந்தான் கூப்புடுதான். கிளம்பி வா, ஜெனோவா" என்றேன்.

நவம்பர் 24

மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ். ஐ.சி.யூ. குழாய் வைத்து, தூக்க மருந்தும் கொடுத்துவிட்டார்கள். அட்டையைக் கொண்டுபோனேன், உள்ளே விடவில்லை. கொண்டுபோயும் பயனில்லை.

நவம்பர் 27

ஜெனோவா வந்துவிட்டாள். விடுப்பு வாங்கி, மஸ்கட் வந்து, சென்னை வந்து, நேரே ஆஸ்பத்திரிக்கு. கையில் பள்ளிக்கூடத்துப் பை. உள்ளே போய் வந்தபின் ஐ.சி.யூ. டாக்டரிடம் ரொம்ப நேரம் பேசினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன வருஷமே சென்னையில கண்டுபிடிச்சிட்டாங்களாம். கழுத்து நரம்புன்னு சொன்னீங்களே, மைனி."

அவன்தான் அப்படிச் சொல்லச் சொன்னான் என்றேன். பொய் இல்லை.

அவன் கண் திறக்கவில்லை. அவள் பேசியது காதில் விழுந்திருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். நர்ஸ்கள் எல்லாருக்கும் அப்படிச் சொல்வார்கள்.

டிசம்பர் 1

காலையில் பெர்க்மான்ஸ் போய்விட்டான்.

டிசம்பர் 2

அடக்கம். மழை விட்டிருந்தது. அம்மா கல்லறைக்குப் பக்கத்து வரிசை.

டிசம்பர் 6

ஜெனோவா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்று, அந்தப் பெட்டியைக் காட்டுங்கள் என்றாள். டேப்லெட்டைக் கொடுத்து எப்படித் தொடுவது என்று சொன்னேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தண்ணி குடு அக்கா. ஃபேனக் குறை அக்கா. கால் மடங்கிருக்கு அக்கா. நல்லாருக்கேன், நீ கவலப்படாத. அது வந்ததும் நிறுத்தி, திரும்ப ஒரு தடவை போட்டாள். பிறகு மீதி எல்லாம். ரொம்ப நேரம் ஆயிற்று.

அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"எல்லாத்துலயும் அக்கா அக்கான்னுதான் இருக்கு. என் பேரு ஒண்ணுல கூட இல்லியே மைனி."

இருக்கும், தேடிப் பார்க்கிறேன் என்றேன். இல்லை என்று தெரியும்.

டிசம்பர் 7

ஏழாம் நாள் பூசை. பாயசம் கொஞ்சம் தீய்ந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 9

அவள் வெளியே போயிருந்தபோது கறுப்புத் திரையைத் திறந்தேன். எழுத்துச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

'ஜெபம் சொல்லு அக்கா' என்பதில் முதல் எழுத்தை வெட்டினேன். 'கால் நோவுது' என்பதில் நடுச் சத்தத்தை எடுத்தேன். வா இருக்கிறது. மூன்றையும் ஒட்டவைக்க ஒரு கட்டளை உண்டு, அவன் சொல்லித்தராதது, நானே தேடிக் கண்டுபிடித்தேன். முதலில் போட்டபோது மூன்று ஆட்கள் ஆளுக்கொன்று சொன்னதுபோல இருந்தது. இடைவெளியைக் குறைத்தேன். சத்தத்தைச் சமப்படுத்தினேன். மறுபடி, மறுபடி. கண் எரிகிறவரைக்கும் செய்தேன். ஒருவிதமாகப் பெயர் போல வந்துவிட்டது. அவள் நாளை மறுநாள் போகிறாள்.

டிசம்பர் 10

காலையில் காபி கொடுத்துவிட்டு, கிடைத்துவிட்டது என்றேன். கேட்டவுடன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். போட்டுக் காட்டினேன்.

ஜெனோவா.

அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். மூன்றாவது தடவை அவளே தொட்டாள்.

"இது அவரு சொன்னதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "என்னை அவரு முழுப்பேர் சொல்லிக் கூப்புடவே மாட்டாரு. நீங்க செஞ்சதா?"

ஆமாம் என்றேன். உனக்கு ஆறுதலாக இருக்குமே என்று வெட்டி ஒட்டினேன், குரல் அவனுடையதுதான் என்றேன்.

அவள் தலையாட்டினாள். டம்ளரை எடுத்தவள் குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

"அன்னைக்குப் போன்ல 'வா'ன்னு கேட்டுச்சே. அதுவும் இப்படித்தானா?"

அது அவன் சொன்னது என்றேன். வெட்டியது நான், ஆனால் சொன்னது அவன், அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகச் சிமிட்டிச் சொன்னான், கட்டளை முழுக்க அவனுடையது என்றேன். அட்டையைத் தேடினேன். ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது போலிருக்கிறது. எழுத்துகளைக் குறித்துவைத்த தாள் இருந்தது. அதில் இருப்பது என் கையெழுத்து.

"எப்போ சொன்னாரு?"

"அந்த வாரந்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி மைனி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பயணத்துக்குத் துணி மடிக்கத் தொடங்கினாள். பதிவுகளை ஒரு பென்டிரைவில் போட்டுத் தரட்டுமா என்று வாசலில் நின்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

டிசம்பர் 11

ஜெனோவாவை ரயிலேற்றிவிட்டு வந்தேன். வாடகைக் கட்டிலைத் திருப்பி எடுக்க நாளைக்கு ஆள் வருகிறானாம்.